சிட்னியில ஹால் எடுத்து சிலிக்காரங்க "பதினெட்டு" கொண்டாடப் போறீங்களா? இதப் படிச்சுட்டு இறங்குங்க

எனக்குத் திருச்சி, வீட்டுக்காரருக்கு சிலி, ரெண்டு பேரும் குடும்பம் நடத்துறது மேற்கு சிட்னியில. மாமியார் பக்கத்து சொந்தபந்தம், அவங்களுக்குத் தெரிஞ்ச குடும்பம் எல்லாம் சேந்து வருஷா வருஷம் சிலியோட தேசிய நாளான செப்டம்பர் 18 கொண்டாடுவாங்க, யார் வீட்டு பின்பக்கத்துலயாவது நடக்கும். கூட்டம் நாப்பதத் தாண்டினதும் "இந்த வருஷம் ஹால் எடுக்கலாம், நீ ஆபீஸ் வேலையெல்லாம் நல்லா பாக்கறவ, நீயே பாத்துக்கோ மிஹித்தா"னு மாமியார் என் தலையில கட்டிட்டாங்க. மிஹித்தான்னா நம்ம ஊர்ல "கண்ணு"ன்னு கூப்பிட்டு வேலை வாங்குவாங்கல்ல, அதேதான். முதல் வருஷம் கையில இருந்து 340 டாலர் போச்சு, ரெண்டாவது வருஷம் 324 டாலர் மிஞ்சுச்சு, நடுவுல கத்துக்கிட்டதெல்லாம் கீழ இருக்கு. சிலி குடும்பத்துல வாழ்க்கைப்பட்டவங்க, இல்ல ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டாங்கன்னு கமிட்டியில மாட்டினவங்களுக்காக எழுதுறேன். பர்மிஷன் விஷயமெல்லாம் நியூ சவுத் வேல்ஸ்ல நான் பாத்தது, வேற ஸ்டேட்ல இருந்தா அங்க உள்ள ரூல கேட்டுக்கோங்க.

1. முதல்ல தேதி

அவங்க இத "தியெசியோச்சோ"ன்னு சொல்வாங்க, அப்படின்னா பதினெட்டு, அவ்வளவுதான். சிலியில 18, 19 ரெண்டு நாளும் லீவு, கடைகண்ணியே பெரும்பாலும் மூடிடுவாங்க. இங்க லீவு கிடையாது, அதனால பக்கத்துல வர்ற சனிக்கிழமைதான்.

இதுல ரெண்டு கண்ணி இருக்கு. ஒண்ணு, செப்டம்பர் 11ஐ ஒட்டி வர்ற சனிக்கிழமைய தொடாதீங்க. 1973ல அங்க ராணுவம் ஆட்சியப் பிடிச்ச நாள் அது. இங்க இருக்கிற வயசானவங்கள்ல அதனாலயே ஊரை விட்டு வந்தவங்களும் இருக்காங்க, அந்த ஆட்சிதான் நல்லா இருந்துச்சுன்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க, ரெண்டு தரப்பும் ஒரே டேபிள்ல உக்காந்து எம்பனாடா (மாவுக்குள்ள கறி வச்சு ஓவன்ல சுடறது) சாப்பிடணும்னா தேதி தள்ளி இருக்கணும், மைக்ல யாரும் அரசியல் பேசக் கூடாது. நான் அழைப்புலயே "கொடி, குவெக்கா, சாப்பாடு மட்டும்"னு போட்டேன் (குவெக்கா அவங்களோட தேசிய டான்ஸ்), ஒரு மாமா மட்டும் முறைச்சார், மத்தவங்களுக்கு நிம்மதி. ரெண்டாவது, பெரிய விழா எந்த நாள்னு பாத்துட்டு வைங்க. மேற்கு சிட்னியில ஃபேர்ஃபீல்ட் பக்கம் பெருசா ஏதாவது நடக்கிற அன்னிக்கு நீங்க சின்னதா வச்சா உங்க ஹால் காலியாதான் இருக்கும், உங்க டான்ஸ் குரூப்பும் அங்கதான் போயிருக்கும்.

ஊர்ல இருக்கிற பாட்டி தாத்தாவோட வீடியோ கால் வைக்கணும்னு கண்டிப்பா கேப்பாங்க. செப்டம்பர் முதல் வாரம் சிலியில கடிகாரத்த ஒரு மணி முன்னாடி தள்ளுவாங்க, நம்ம சிட்னி அக்டோபர்லதான் தள்ளும், அதனால ஆகஸ்ட்ல 14 மணி நேரமா இருக்கிற வித்தியாசம் விழா அன்னிக்கு 13 மணி. சாயங்காலம் 5 மணிக்கு இங்க கூப்பிட்டா அங்க விடியக்காலை 4, யாரும் எடுக்க மாட்டாங்க. ராத்திரி 9 மணிக்குன்னா அங்க காலை 8, பாட்டி தலை சீவி பவுடர் போட்டு ரெடியா உக்காந்திருப்பாங்க.

2. யார் பேர்ல நடத்துறீங்க?

நான் பண்ண பெரிய தப்பு இதுலதான். முதல் வருஷம் எல்லாத்தையும் என் சொந்தப் பேர்ல எடுத்தேன். டிக்கெட் வித்து காசு வாங்கற விழாவ தனி ஆள் பேர்ல நடத்தினா, இன்சூரன்ஸ்ல இருந்து சரக்கு லைசென்ஸ் வரைக்கும் ஒவ்வொரு கவுன்டர்லயும் "நீங்க என்ன அமைப்பு?"ன்னு கேப்பாங்க, பதில் இருக்காது.

ரெண்டு வழி இருக்கு. அஞ்சு பேர் சேந்தா ஃபேர் டிரேடிங்ங்கிற ஸ்டேட் அரசாங்க ஆபீஸ்ல அசோசியேஷன் பதிவு பண்ணலாம், அதுக்கு விதிமுறை எழுதணும், வருஷா வருஷம் கூட்டம் போடணும், கணக்கு காட்டணும். ஒரு நாள் விழாவுக்கு இது தேவையே இல்லாத தலைவலி. ரெண்டாவது வழி, ஏற்கனவே பதிவு பண்ணி இருக்கிற ஒரு சிலி டான்ஸ் குரூப்போ ஸ்போர்ட்ஸ் கிளப்போ பிடிச்சு, "உங்க பேர்ல நடத்துறோம், வேலை எங்களது, மிச்சம் உங்களுக்கு"ன்னு பேசறது. ரெண்டாவது வருஷம் அப்படித்தான் செஞ்சோம், பாதி பாரம் அன்னிக்கே இறங்கிடுச்சு. வாயால பேசி விட்றாதீங்க, நஷ்டம் வந்தா யார் குடுக்கறதுன்னு ஒரு பக்கம் எழுதி ரெண்டு பேர் கையெழுத்து வாங்கிடுங்க. ஏப்ரல், மே மாசமே பேசுங்க.

3. ஹால்

கவுன்சில் ஹால்தான் சீப். எனக்கு மணிக்கு 52 டாலர், எட்டு மணி நேரம், 416 ஆச்சு, பாண்ட், அதாவது திருப்பித் தர்ற முன்பணம், 600 தனி. ஜூன் மாசமே புக் பண்ணிடுங்க, செப்டம்பர் சனிக்கிழமை எல்லாருக்கும் வேணும், நம்ம ஆளுங்க அரங்கேற்றம், பூப்புனித நீராட்டு எல்லாம் அதே ஹால்லதான் வைக்கிறாங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாருங்க. ஃபோட்டோவ நம்பாதீங்க. கேக்க வேண்டியது:

கிச்சன்ல ஓவன் இருக்கா? "கிச்சன் உண்டு"ன்னு போட்டிருப்பாங்க, போய்ப் பாத்தா ஒரு சிங்க், ஒரு மைக்ரோவேவ். எம்பனாடாவுக்கு ஓவன் இல்லாம கதை நடக்காது. நாங்க முதல் வருஷம் வீட்டுல இருந்து மூணு சின்ன ஓவன் தூக்கிட்டுப் போனோம், மூணையும் ஒரே லைன்ல சொருகி அதுலயே ஸ்பீக்கரும் சொருகினோம், ஏழு மணிக்கு ஹால் முழுக்க இருட்டு. இதுல வயருக்கெல்லாம் டெஸ்ட் அண்ட் டேக் (சோதிச்சுப் பாத்தாச்சுன்னு சொல்ற சீட்டு) ஒட்டி இருக்கணும்னு வேற ஒரு ரூல் இருக்கு, கொண்டு போறதுக்கு முன்னாடி ஒட்டி வாங்கிக்கோங்க.

எத்தனை மணிக்கு சத்தம் நிக்கணும்? செட்டப் பண்ற நேரமும் கூட்டிப் பெருக்கற நேரமும் நீங்க காசு கட்டின நேரத்துக்குள்ளதான் வரும். பத்தரைக்கு பாட்டு நிறுத்தணும்னா சிலிக்காரங்களுக்கு அது சாயங்காலம். அழைப்புல 6 மணின்னு போட்டா 8 மணிக்கு வருவாங்க, இந்த விஷயத்துல நம்மளும் அவங்களும் ஒண்ணுவிட்ட சொந்தம், அதனால 4 மணின்னு போடுங்க.

தரை என்ன தரை? இத யாருமே எனக்குச் சொல்லல. குவெக்கா ஆடற ஆம்பளைங்க வாசோ டிரெஸ்ஸுன்னு போடுவாங்க, தொப்பி, மேல ஒரு போர்வை மாதிரி துணி, பூட்ஸ், அந்த பூட்ஸ் குதிகால்ல குதிரைக்காரங்க போடற முள்சக்கரம். அத மாட்டிக்கிட்டு காலைத் தட்டித் தட்டி ஆடினா பாலிஷ் போட்ட மரத்தரை என்ன ஆகும்? எங்க பாண்ட்ல 150 டாலர் பிடிச்சாங்க. அடுத்த வருஷம் பழைய கார்ப்பெட்டும் பிளைவுட்டும் கொண்டு போய் ஒரு ஓரத்துல போட்டு "ஆடறது இங்கதான்"னு சொல்லிட்டோம். உள்ள போனதும் தரை, சுவர், டாய்லெட் எல்லாத்தையும் வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, கிளம்பும்போது இன்னொரு தடவை எடுங்க.

4. இன்சூரன்ஸ்

பப்ளிக் லயபிலிட்டி, அதாவது வந்தவங்களுக்கு அடிபட்டா நஷ்டஈடு குடுக்கிற இன்சூரன்ஸ், கேப்பாங்க, பெரும்பாலும் 20 மில்லியன் டாலர் கவர். தொகையப் பாத்து பயப்படாதீங்க, ஒரு நாளைக்கு எனக்கு 230 டாலர்தான் ஆச்சு. கவுன்சிலே சின்ன ஃபங்ஷனுக்கு தன்னோட கவர்ல சேத்துக்கும்னு ஹால் ஃபார்ம்ல போட்டிருந்தா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி சின்ன எழுத்தப் படிங்க, நிறைய இடத்துல டிக்கெட் விக்கிற விழாவுக்கும் பதிவு பண்ண அமைப்புக்கும் அது செல்லாது. அமைப்பு பேர்ல நடத்தினா அவங்க வருஷ பாலிசியே போதும், பாலிசி நடப்புல இருக்குன்னு காட்டற சர்டிபிகேட் ஆஃப் கரன்சி ஒரு காப்பி வாங்கி ஹால்காரங்களுக்கு மெயில் பண்ணிடுங்க. அதுல இருக்கிற பேரும் ஹால் புக்கிங்ல இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். பதிவு பண்ண அமைப்பு பேருக்குப் பின்னாடி வர்ற ஒரு "இன்க்" விட்டுப்போனதுக்கு எனக்கு ஒரு வாரம் போச்சு.

5. சரக்கு

இந்த விழாவுல தெர்ரெமோத்தோன்னு ஒண்ணு குடிப்பாங்க. பிப்பேன்யோன்னு ஒரு இனிப்பு வெள்ளை ஒயின், அதுல அன்னாசி ஐஸ்கிரீம் ஒரு கரண்டி, மேல கொஞ்சம் மாதுளை சிரப். பேருக்கு அர்த்தமே நிலநடுக்கம். ரெண்டாவது கிளாஸ் கேட்டா "ரெப்ளிக்கா", அதாவது பின்னதிர்வு. ஜூஸ் மாதிரி இறங்கும், எழுந்து நிக்கும்போதுதான் தெரியும்.

முதல் வருஷம் நான் "டிக்கெட் 25 டாலர், ஒரு தெர்ரெமோத்தோ ஃப்ரீ"ன்னு போஸ்டர் அடிச்சேன். ஃப்ரீதானே, விக்கலையேன்னு நினைச்சேன். இல்லைங்க. டிக்கெட் காசுல சரக்கு சேந்திருந்தா அதுவும் விக்கிறதுதான், லைசென்ஸ் வேணும். விழாவுக்கு ஒம்பது நாள் இருக்கும்போது இது தெரிஞ்சுது, போஸ்டர மாத்தி, 40 பாட்டில் ஒயின வீட்டுல அடுக்கி வச்சு, ஹால்ல வெறும் அன்னாசி ஜூஸ்ல ஐஸ்கிரீம் போட்டுக் குடுத்தோம். நஷ்டத்துல பாதி அதுதான்.

சரியான வழி: லாப நோக்கம் இல்லாத அமைப்பு பேர்ல லிக்கர் அண்ட் கேமிங் ஆபீஸ்ல லிமிடெட் லைசென்ஸுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணணும். போலீஸுக்கும் கவுன்சிலுக்கும் தகவல் போகும், ஹால் பிளான் கேப்பாங்க, எந்த இடத்துல ஊத்துவீங்க, எத்தனை பேர், எத்தனை மணி வரைக்கும்னு எழுதணும். ரெண்டு மாசம் முன்னாடியே போட்டுடுங்க. ஊத்திக் குடுக்கிறவங்க எல்லாருக்கும் ஆர்எஸ்ஏ கார்டு (சரக்க பொறுப்பா ஊத்தக் கத்துக்கிட்டாங்கன்னு காட்டற கார்டு) வேணும், ஒரு நாள் கோர்ஸ், ஆளுக்கு 120 டாலர் ஆச்சு, அஞ்சு வருஷம் செல்லும். ஏற்கனவே ரெஸ்டாரன்ட்ல வேலை பாக்கிற மருமகன், கொழுந்தன் யார்கிட்டயாவது கார்டு இருக்கும், முதல்ல குடும்பத்துக்குள்ள விசாரிங்க. ஹால்ல சரக்கு அனுமதி உண்டான்னு தனியா கேளுங்க, லைசென்ஸ் வேற, ஹால் அனுமதி வேற. சில இடத்துல செக்யூரிட்டி ஆள் போடச் சொல்வாங்க, அதுக்கு மணிக்கணக்குல காசு.

இவ்வளவு தொல்லை வேணாம்னா சரக்கே இல்லாம நடத்துங்க, கொஞ்சம் முனகுவாங்க, சாப்பாடு நல்லா இருந்தா மறந்துடுவாங்க.

6. சாப்பாடு

இதுல கை வச்சா பேர் போயிடும், பாத்துப் பண்ணுங்க.

எம்பனாடா தெ பீனோ. மாவுக்குள்ள மாட்டுக்கறி, வெங்காயம், சீரகம், மிளகாப்பொடி, நாலுல ஒரு பங்கு அவிச்ச முட்டை, ஒரு கருப்பு ஆலிவ், சில வீட்டுல திராட்சை. தப்பித்தவறி சமோசா மாதிரின்னு சொல்லிடாதீங்க, நான் சொல்லி ஒரு மணி நேரம் பேச்சு வாங்கினேன். கறி ஒரு கிலோன்னா வெங்காயமும் ஒரு கிலோ, அதுல பெருசா 20 வரும். ஆளுக்கு ரெண்டரைன்னு கணக்கு போடுங்க. பீனோங்கிற அந்தக் கறிக்கலவைய முந்தின நாளே செஞ்சு ஆற வைக்கணும், சூடா வச்சா மாவு பிஞ்சுடும். ஆனா பெரிய பாத்திரத்தோட ஃப்ரிட்ஜ்ல வச்சா நடுவுல ராத்திரி பூரா சூடாவே இருக்கும், கெட்டுப்போகும். அகலமான தட்டுல மெல்லிசா பரப்புங்க. ரூல் என்னன்னா 60 டிகிரில இருந்து 21க்கு ரெண்டு மணி நேரத்துல வரணும், 21ல இருந்து 5க்கு அடுத்த நாலு மணி நேரத்துல. தெர்மாமீட்டர் 15, 20 டாலர்தான், வாங்கிடுங்க, செக் பண்ண ஆள் வந்தா முதல்ல கேக்கறது அதத்தான்.

அந்த ஆலிவ் கொட்டையோட போடறதுதான் வழக்கம். சிலிக்காரங்களுக்குத் தெரியும், மெதுவா கடிப்பாங்க. உங்க ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் வந்தா பல்லு போயிடும். கொட்டை எடுத்தது போடலாம்னு சொன்னேன், மாமியார் "அப்புறம் அது எம்பனாடாவே இல்ல"ன்னுட்டாங்க. பெரிய எழுத்துல போர்டு வச்சோம்.

மோத்தே கொன் வெசியோ, இது குடிக்கிறதா சாப்பிடறதான்னு எனக்கு இன்னும் சந்தேகம். காய வச்ச பீச் பழத்த சர்க்கரைப் பாகுல வேக வச்சு ஆற வச்சு, உமி நீக்கின கோதுமைய வேக வச்சு அடியில போட்டு ஜில்லுனு குடுப்பாங்க. ஃபேர்ஃபீல்ட்ல லத்தீன் கடையில ரெண்டும் கிடைக்கும், செப்டம்பர்ல தீந்துடும், ஆகஸ்ட்லயே வாங்குங்க. கோதுமை கிடைக்கலைன்னா பக்கத்துல இருக்கிற இராக்கி கடையில ஹரீஸ் கோதுமைன்னு கேளுங்க, வித்தியாசமே தெரியாது.

பெப்ரே, தக்காளி வெங்காயம் கொத்தமல்லி பச்சமிளகா பொடிசா அரிஞ்சு போடற ஒரு தொக்கு, இது மட்டும் என் டிபார்ட்மென்ட், கொஞ்சம் காரம் கூட்டிப் போட்டேன், முதல்ல காலியானது அதுதான்.

கவுன்சில்ல தற்காலிக ஃபுட் ஸ்டால் ஃபார்ம் உண்டு, யார் சமைக்கிறது, எங்க சமைக்கிறது, கை கழுவ இடம் இருக்கான்னு எழுதணும். "வீட்டுல பண்ணிக் கொண்டு வர்றோம்"னு சாதாரணமா எழுதிட்டேன், வீட்டு கிச்சனப் பத்தி அடுக்கடுக்கா கேள்வி வந்துச்சு. முடிஞ்சா பதிவு பண்ண ஒரு கிச்சன அரை நாள் வாடகைக்கு எடுங்க, இல்ல ஹால்லயே பண்ணுங்க. கோதுமை, முட்டை எதுல இருக்குன்னு எழுதி வைக்கணும்.

ஊர்ல இருந்து வர்ற அத்தைகிட்ட சோரிசோ, சலாமி கொண்டு வரச் சொல்லாதீங்க. ஏர்போர்ட்ல இறைச்சிய விட மாட்டாங்க. மெர்கேன்னு ஒரு புகை போட்ட மிளகாப்பொடி உண்டு, அது கொண்டு வந்தாலும் ஆஸ்திரேலியா வந்து இறங்கறவங்க நிரப்பற கார்டுல சாப்பாட்டுப் பொருள் இருக்குன்னு டிக் பண்ணச் சொல்லுங்க. சொன்னா பாத்துட்டு விடுவாங்க இல்ல எடுத்துப்பாங்க, சொல்லாம மாட்டினா ஃபைன், ஃப்ளைட் டிக்கெட் காச விட அதிகமாயிடலாம்.

7. கரி அடுப்பு

அந்திகுச்சோன்னு கம்பில குத்தி கரியில சுடற கறி இல்லாம பதினெட்டு கிடையாது. ஹாலுக்குள்ள கரியும் கூடாது, கேஸும் கூடாது, வெளியிலதான். வெளியிலயும் கரிக்கு எழுத்துல அனுமதி வாங்குங்க, ஃபயர் எக்ஸ்டிங்விஷர் பக்கத்துல வைங்க. செப்டம்பர்ல காத்தும் வெயிலுமா இருந்தா டோட்டல் ஃபயர் பேன், அதாவது வெளியில நெருப்பு பத்த வைக்கத் தடை, போட வாய்ப்பு உண்டு, போட்டா அன்னிக்கு கரி, விறகு ரெண்டும் கூடாது. முந்தின நாள் சாயங்காலம் ரூரல் ஃபயர் சர்வீஸ் பக்கத்தப் பாருங்க. மாத்துக்கு ஒரு கேஸ் பார்பெக்யூ கடன் வாங்கி வச்சுக்கோங்க, ஆனா பேன் இருக்கிற நாள்ல அதுக்கும் கண்டிஷன் உண்டு, படிச்சுட்டு பத்த வைங்க.

8. கொடி, பாட்டு

ஆன்லைன்ல கொடி வாங்கும்போது ஜாக்கிரதை, எனக்கு வந்தது அமெரிக்காவுல இருக்கிற டெக்சாஸ் கொடி! ரெண்டுலயும் நீலம், வெள்ளை, சிவப்பு, ஒரே ஒரு நட்சத்திரம். சிலி கொடியில நீலம் மேல் மூலையில சதுரமா மட்டும் இருக்கும், டெக்சாஸ்ல மேல இருந்து கீழ வரைக்கும் இருக்கும். செங்குத்தா தொங்கவிட்டா பாக்கறவங்களுக்கு இடது பக்க மேல் மூலையில நட்சத்திரம் வரணும். மாத்தித் தொங்கவிட்டா ஒரு தாத்தாவாவது ஏணி கேப்பார்.

பாட்டு போட ஒன்மியூசிக்னு ஒரு அமைப்பு குடுக்கிற லைசென்ஸ் வேணும், ஹால்ல ஏற்கனவே இருக்கான்னு கேட்டுட்டு அப்புறம் கட்டுங்க. ஸ்பீக்கர் வாடகை 180. குவெக்கா மூணு மூணா ஆடுவாங்க, மூணாவது முடியறதுக்குள்ள பாட்ட நிறுத்தாதீங்க. உங்களையும் இழுப்பாங்க, கைக்குட்டை ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, டிஷ்யூ வச்சு ஆடினா சிரிப்பாங்க.

9. பசங்க விளையாட்டு

பம்பரம், காத்தாடி, சாக்கு ஓட்டம், எல்லாமே நம்ம விளையாட்டுதான், பேர் மட்டும் வேற. நம்ம வழுக்கு மரம் கூட அவங்ககிட்ட உண்டு, கொழுப்பு தடவின கம்பத்துல ஏறணும். ஒரு சித்தப்பா கம்பத்தோடயே வந்து நின்னார், இன்சூரன்ஸ்ல வராதுன்னு திருப்பி அனுப்பிட்டோம். காத்தாடிக்கு சாதாரண நூல்தான், அவங்க ஊர்லயும் மாஞ்சா மாதிரி ஒண்ணு உண்டு, அங்கயே தடை பண்ணிட்டாங்க.

10. காசு

ரெண்டாவது வருஷக் கணக்கு அப்படியே தர்றேன். பெரியவங்க 92 பேர், ஆளுக்கு 20, மொத்தம் 1840. பசங்க 30 பேர், 8 வீதம் 240. உள்ள வித்த கூடுதல் சாப்பாடு, சரக்கு, ராஃபிள் எல்லாம் சேத்து 870. ஆக வந்தது 2950. போனது: ஹால் 416, சாப்பாட்டு சாமான் 1120, ஸ்பீக்கர் 180, தோரணம் டேபிள் துணி 140, ரெண்டு பேருக்கு ஆர்எஸ்ஏ 240, சரக்கு லைசென்ஸ், பாட்டு லைசென்ஸ், ஃபுட் ஃபார்ம் கட்டணம் சேத்து 270, சரக்கு 260. மொத்தம் 2626. மிச்சம் டான்ஸ் குரூப்புக்குப் போச்சு.

காசு முன்கூட்டியே வாங்குங்க. "வாசல்ல தர்றேன்"னு சொன்ன 34 பேர்ல முதல் வருஷம் வந்தது 15. ஆகஸ்ட் 31க்குள்ள பேங்க்ல போட்டவங்களுக்குத்தான் எம்பனாடா எண்ணிக்கைன்னு சொன்னதும் ரெண்டே நாள்ல எல்லாரும் போட்டுட்டாங்க.

11. அன்னிக்கு

எல்லா பேப்பரையும் ஒரு ஃபைல்ல போட்டு வாசல் டேபிள்ல வைங்க: ஹால் புக்கிங், இன்சூரன்ஸ், சரக்கு லைசென்ஸ், ஆர்எஸ்ஏ கார்டு காப்பி, ஃபுட் ஃபார்ம், பாட்டு லைசென்ஸ். லைசென்ஸ சுவத்துல ஒட்டுங்க. பாட்டு நிக்கறதுக்கு முக்கால் மணி முன்னாடியே "கடைசி குவெக்கா"ன்னு மைக்ல சொல்லிடுங்க, ஏன்னா கடைசி குவெக்காவுக்கு அப்புறம் இன்னும் ரெண்டு கடைசி குவெக்கா இருக்கும். கூட்டிப் பெருக்க நாலு பேர் பேர முதல்லயே எழுதி வாங்கிடுங்க, தெர்ரெமோத்தோ குடிக்காத ஆளா பாத்து.